நீலி ஏன் அழுதாள்?

"நரி பேசுமா? பூசணிக்காய் தேராகுமா? கள்ளிக் கொம்பு கைக்குழந்தையாகுமா? பட்டம் பெற்றுப் பள்ளியிலே பாடம் சொல்லும் நீங்களே இந்தப் பொய்க் கதைகளைப் பிள்ளைகளின் காதிலே ஓதலாமா? மேடையிலே ஓராண்டு முழங்கி நாங்கள் துடைத்ததை, வகுப்பிலே ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பூசிவிடுகிறீர்களே!"

படிப்பகத்தில் ஒரு ஞாயிறு மாலை நண்பர் ஒருவர் நம்மை இப்படிக் கேட்டார். சொல்லும் செயலும் ஒன்றானவர். மகளின் திருமணத்தை நாளும் கோளும் பாராமல் நடத்திக் காட்டியவர். அவருடைய சினத்திலே நேர்மை இருந்தது. அம்பும் கூரியதுதான். ஆனால் அவர் எய்த இடத்தில் பகை இல்லை. அது வேறிடத்தில், நம் வீட்டுத் திண்ணையிலேயே, நாம் அன்றாடம் பேசும் பேச்சிலேயே பதுங்கியிருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கதையிலே பொய் இருக்கிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அன்று. தொல்காப்பியர் அறிந்த செய்தி. உரையின் வகைகளை எண்ணிச் சொல்லும் இடத்தில், உண்மைப் பொருளோடு ஒட்டாத பொய்யுரையையும், பொருள் பொதிந்த நகையுரையையும் அவர் தனித்தனி வகையாகவே வைத்தார். பொய்யென்று தெரிந்தே சொல்வதும், பொய்யென்று தெரிந்தே கேட்பதும் ஆகிய ஓர் ஒப்பந்தமே கதை. "ஒரே ஒரு ஊரிலே" என்று பாட்டி தொடங்குகிறாளே, எந்த ஊர் என்று அவள் சொல்வதில்லை; எந்தப் பேரனும் கேட்பதில்லை. ஊர்ப் பெயரை விட்ட அந்த நொடியிலேயே ஒப்பந்தம் கையெழுத்தாகி விடுகிறது. நரி பேசிய கதையைக் கேட்ட பிள்ளை மறுநாள் காலை தெருநாயிடம் மணி கேட்பதில்லை.

புராணம் அப்படியா? "நடந்தது, இந்த ஊரில்தான் நடந்தது, இன்ன நாளில் நடந்தது, நம்பு, நம்பாவிட்டால் நரகம்" என்கிறது. அங்கே ஒப்பந்தம் இல்லை, ஆணைதான் உண்டு. இரண்டையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிக் கூவத்தில் எறியச் சொல்வது, களையெடுக்கப் போனவன் நாற்றையும் சேர்த்துப் பிடுங்கிய கதைதான்.

நம் நண்பரைப்போல் எண்ணியவர்கள் உலகில் வேறு இடத்திலும் இருந்தார்கள். புரட்சிக்குப் பின் உருசிய நாட்டில், 1920களிலே, கற்பனைக் கதை உழைப்பாளர் பிள்ளைகளுக்கு ஆகாது, அது அவர்களை உண்மையிலிருந்து விலக்கிவிடும் என்று கல்வியாளர் பலர் வாதிட்டனர். கோர்னி சுகோவ்ஸ்கி என்பவர் குழந்தைகளுக்கெனப் பாடிய 'முதலை' என்ற கதைப்பாட்டை, இலெனினின் துணைவியார் குரூப்ஸ்காயா அம்மையாரே 1928இல் 'பிராவ்தா' ஏட்டில் கண்டித்து எழுதினார். சுகோவ்ஸ்கி சளைக்கவில்லை. குழந்தைகளின் பேச்சை ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, 'இரண்டிலிருந்து ஐந்து வரை' என்ற நூலை ஆக்கினார். அதிலே ஒரு தாயைப் பற்றிய செய்தி வருகிறது. மகனுக்கு உண்மையன்றி வேறெதையும் சொல்வதில்லை என்று உறுதி பூண்டவர் அவர். மகன் என்ன செய்தான்? தானே கதை கட்டத் தொடங்கிவிட்டான்! தன் அறைக்குச் சிவப்பு யானை ஒன்று குடிவந்துவிட்டது என்றான். நாற்காலியில் உட்காரப் போனவர்களைத் தடுத்து, அங்கே கரடி உட்கார்ந்திருக்கிறது என்றான். தாய் பூட்டிய கதவுக்குள்ளே யானை எப்படி நுழைந்தது? பிள்ளையின் மூளைக்குள் இருந்துதான். கதை என்பது வெளியிலிருந்து ஊட்டப்படும் நஞ்சு மட்டுமன்று. ஓடிப் பழகும் காலைப்போல், எண்ணிப் பழகும் மூளை தானாகவே செய்யும் பயிற்சியும் ஆகும்.

அப்படியானால் எல்லாக் கதையும் நல்ல கதைதானா? இல்லை. இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

நாம் குழந்தைக் கதை என்று அழைப்பவை குழந்தைகளுக்காகப் பிறந்தவை அல்ல. பெரியவர்கள் பெரியவர்களுக்குச் சொன்னவை. கதிரடித்த களத்திலே, நூல் நூற்ற திண்ணையிலே, வழிப்போக்கர் படுத்த சத்திரத்திலே பிறந்தவை. பிள்ளைகள் ஓரத்தில் படுத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான். வணிகனோடு கப்பலேறியும், அடிமையோடு விலங்கிலே நடந்தும் அவை நாடு கடந்தன. பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டில் பாரசீகம் சென்று பகலவி மொழியில் புகுந்தது. எட்டாம் நூற்றாண்டில் இப்னு அல் முகஃபா அதை அரபியாக்கினார். அங்கிருந்து ஐரோப்பா சென்றது. நம் மாவட்டத்துச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள் அல்லவா? அந்தக் குடும்பம் ஒன்றின் சிறுவன் நம் வகுப்பில் சில மாதம் இருந்தான். தமிழ் அவனுக்கு வராது. நமக்கு ஒடியா வராது. குரங்கையும் முதலையையும் கரும்பலகையில் வரைந்து கதையைத் தொடங்கினோம். பாதியிலேயே எழுந்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, பிறகு சன்னலுக்கு வெளியே இருந்த வேப்பமரத்தைச் சுட்டிக் காட்டிச் சிரித்தான். இதயம் மரத்தில் தொங்குகிறது என்பது அவனுக்கு முன்பே தெரியும்! வகுப்பிலே அவன் முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

ஊர் விட்டு ஊர் போகும்போது கதை உடை மாற்றிக்கொள்கிறது. அதில் தவறில்லை. ஆனால் சில வேளைகளில் யாரோ ஒருவர் வேண்டுமென்றே உடையை மாற்றிவிடுகிறார். செருமனியில் கிரிம் உடன்பிறந்தார் 1812இல் தம் கதைத் தொகுப்பின் முதற்பகுதியை வெளியிட்டனர். அதில் வறுமை தாளாமல் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவரச் சொல்பவள் பெற்ற தாய். பனிவெண்மை என்ற பெண்ணைக் கொல்லச் சொல்பவளும் பெற்ற தாயே. பின்வந்த பதிப்புகளில் இருவரும் மாற்றாந்தாய் ஆகிவிட்டார்கள்! தாய்மையின் பெருமை காப்பாற்றப்பட்டது. பஞ்சத்தின் கொடுமை மறைக்கப்பட்டது. பழி முழுவதும் இரண்டாம் தாரமாக வந்தவள் தலையில் ஏறியது. உலகெங்கும் எத்தனை வீடுகளில், சின்னம்மாவாக நுழைந்த பெண் அடுப்படியில் கால் வைக்கும் முன்பே கொடியவளாகிப் போனாள்! பூசணிக்காய் தேரானதை எந்தப் பிள்ளையும் நம்பவில்லை. மாற்றாந்தாய் கொடியவள் என்பதை எல்லாப் பிள்ளையும் நம்பிற்று. நஞ்சு எதில் இருக்கிறது, பார்த்தீர்களா?

செருமனி வரை போவானேன்? கடம்பத்தூரில் அரக்கோணம் செல்லும் மின்வண்டியில் ஏறினால் செஞ்சி பனம்பாக்கம், மணவூர், அடுத்தது திருவாலங்காடு. அதன் அருகே பழையனூர். தமிழ்நாட்டுப் பேய்களின் தலைவி என்று சொல்லத்தக்க நீலியின் ஊர் அதுதான். நம் பக்கத்தில் அழுத பிள்ளையின் வாயை மூட இன்றைக்கும் அவளைத்தான் அழைக்கிறார்கள்.

கதைக்குப் பல வடிவங்கள் உண்டு, சாரம் இது. வடக்கே போய் மணமுடித்துத் திரும்பிய ஒருவன், வழியில் இந்த ஆலங்காட்டிலே தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். காரணம் வடிவத்துக்கு வடிவம் மாறும். கொலை மட்டும் மாறுவதில்லை. அவன் மறுபிறப்பில் காஞ்சிபுரத்து வணிகன். அவளோ நீலி என்னும் பேய். வணிகம் செய்யப் பழையனூருக்கு வந்தவனைப் பின்தொடர்கிறாள். கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலே ஏந்தி, "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டு ஓடுகிறார்" என்று ஊரவையில் அழுகிறாள். குழந்தை அவனை "அப்பா" என்கிறது. வணிகன் அலறுகிறான்: "இவள் பேய், என்னைக் கொன்றுவிடுவாள்." அவையிலிருந்த 70 வேளாளரும், "உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று பிணை நின்று, அவன் காப்பாக வைத்திருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஒரே அறையில் தங்கவைக்கிறார்கள். விடிந்தால் வணிகன் பிணம். சொன்ன சொல் தவறாமல் 70 பேரும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை.

பழமையான கதை இது. ஏழாம் நூற்றாண்டவரான திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகம் இதைத் தொட்டுச் செல்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார், சேக்கிழாரின் வரலாற்றைப் பாடும்போது வேளாளர் குலத்தின் வாய்மைக்குச் சான்றாக இதையே எடுத்துவைக்கிறார். முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த செப்பேடுகள் 1905இல் திருவாலங்காட்டில் கிடைத்தன அல்லவா? கோயிலுக்குக் கொடையாக அவை குறிக்கும் ஊர் இந்தப் பழையனூர்தான். நிலத்தையும் கொடையையும் காக்கச் செப்பேடு இருந்தது. ஒருத்தியின் வழக்கைக் காக்க வாய்மொழிதான் இருந்தது. வாய்மொழியோ யார் வாயில் இருக்கிறதோ, அவர் பக்கம் சாயும்.

எண்ணிப் பாருங்கள். கதையில் இரண்டு கொலைகள். இரண்டாவது கொலைக்கு ஊர் கூடிற்று, பிணை நின்றது, 70 உயிர் தீயில் விழுந்தது, புகழ் பாடப்பட்டது. முதற்கொலைக்கு? கட்டிய மனைவியைக் காட்டிலே கொன்றானே, அதற்கு எந்த அவை கூடிற்று? யார் கேட்டார்? ஒருவரும் இல்லை. கேட்க ஆளில்லாததால்தான் அவள் பேயானாள் என்பதைக் கதையே சொல்கிறது. கதையைச் சொன்னவர்கள் அதைக் கேட்காமல் கடந்து போனார்கள். சான்றோர் புகழ் சான்றோருக்கு, அனுதாபம் வணிகனுக்கு. கொலையுண்டவளுக்குக் கிடைத்தது ஒரு பழமொழி: நீலிக்குக் கண்ணீர் இமையிலே! ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தமிழன் வாயில் "நீலிக் கண்ணீர்" என்றால் பொய்க் கண்ணீர். பெண் அழுதால் எடுத்து வீச ஆயத்தமாக வைத்திருக்கும் கல் அது.

கல் என்று சும்மா சொல்லவில்லை. அது விழுந்ததை நாம் கண்டோம். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கணக்கிலே கெட்டிக்காரி. அவளுடைய அத்தை ஒருநாள் பள்ளிக்கு வந்தார். வரும் திங்கள் முதல் பெண் வரமாட்டாள் என்றார். தாய் கம்பெனி வேலைக்குப் போகிறாள், முறை மாறி மாறி வரும் வேலை. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பக்கத்தில் நின்ற பெண் விம்மி விம்மி அழுதாள். அத்தை அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டீச்சர், இதெல்லாம் நீலிக் கண்ணீரு. நம்பாதீங்க. ரெண்டு நாள்ல சரியாப் போயிடுவா."

கொடுமைக்காரர் அல்லர் அந்த அம்மையார். மருமகளுக்குத் தாமே தலைவாரிப் பூ வைத்து அழைத்து வந்தவர். அவருக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அவர் சிறுமியாயிருந்தபோது யாரோ சொன்ன கதையிலிருந்து வந்தது. பேயை நம்புகிறாரா என்று அவரைக் கேட்டால் ஒருவேளை சிரிப்பார். பேய் போய்விட்டது, தீர்ப்பு மட்டும் தங்கிவிட்டது. நம் படிப்பக நண்பரின் அம்பு பேயின்மேல் பாய்கிறது, தீர்ப்பின்மேல் பாயவில்லை.

அந்த வீட்டுக்கு நாம் மூன்று முறை நடந்தோம். தாயின் வேலை முறையைத் தெரிந்துகொண்டு, அவர் வீட்டிலிருக்கும் நேரத்தில் போனோம். குழந்தையைப் பகலில் அங்கன்வாடியில் விடலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அழைத்துப்போய் அழைத்துவர ஆளில்லை என்பதே தடை. அடுத்த வீட்டுப் பாட்டி ஒருவர் அதற்கு இசைந்தார். பதினொரு நாள் கழித்துப் பெண் வகுப்புக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் பையன் ஒருவன் வாய்க்குள்ளே "நீலி" என்றான். ஊர் சிறிது; செய்தி முந்திக்கொண்டு வந்திருக்கிறது.

அன்று பாடத்தை மூடிவைத்தோம். நீலி கதையைத் தொடக்கத்திலிருந்து, முதற்கொலையிலிருந்து, சொன்னோம். அவர்கள் வீட்டில் கேட்ட கதை ஊரவையிலே தொடங்கும், காட்டிலே தொடங்காது. முடித்ததும் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நீங்கள் அந்த அவையில் இருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?" என்று மட்டும் வினவினோம். அடடா, எத்தனை கேள்விகள்! "கல்யாணத்துக்குச் சாட்சி யாருன்னு ஏன் கேக்கல?" "காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பி விசாரிக்கலாமே?" "குழந்தை அப்பான்னு சொன்னா போதுமா? எங்க தம்பி போஸ்ட்மேனைக்கூட அப்பான்னு சொல்றான்!" "கத்திய ஏன் புடுங்கினாங்க?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மொதல்ல கொன்னப்ப அவ யாருகிட்ட போய்ச் சொல்லியிருப்பா டீச்சர்?"

இதற்கு மேல் ஒரு பகுத்தறிவுப் பாடம் நடத்த நமக்குத் தெரியாது. அந்தப் பெரியவர்கள் கண்ணீரை நம்பி வாளை வாங்கினார்கள். அத்தை கண்ணீரை நம்ப மறுத்துப் படிப்பை நிறுத்தினார். இரண்டு இடத்திலும் விசாரணை நடக்கவில்லை. இதைப் பிள்ளைகள் தாமே கண்டுபிடித்தார்கள். கதையைக் கொளுத்தியிருந்தால் எதை வைத்து இதைக் கண்டுபிடித்திருப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலியைப் பேயாகவே விட்டுவிட மனமில்லாத ஒருவர் தமிழிலே முன்பே இருந்திருக்கிறார். அவர் பெயர் தெரியாது; சமணர்; அவர் செய்த நூல் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான நீலகேசி. அந்தக் கதையிலே, உயிர்ப்பலி வேண்டாம், மண்ணுருவம் படைத்தால் போதும் என்று தடுத்த முனிச்சந்திரர் என்ற துறவியை விரட்டக் காளி ஓர் ஆளைத் தேடுகிறாள். யாரை அழைக்கிறாள்? பழையனூர் நீலியை! நீலி போகிறாள், அச்சுறுத்துகிறாள், அவர் அஞ்சவில்லை, அவள் அவருடைய மாணவி ஆகிவிடுகிறாள். அப்புறம் ஊர் ஊராகப் போய் வாதிடுகிறாள். பௌத்தரோடு, ஆசீவகரோடு, சாங்கியரோடு, வைசேடிகரோடு, வேதவாதியோடு. உயிர் தனியே இல்லை, பூதங்களின் சேர்க்கையே உலகம் என்ற பூதவாதியையும் விட்டாளில்லை. அவர் நம் பக்கத்து ஆள் என்பதால் அந்தப் பகுதியைப் படிக்கையில் நமக்குச் சற்று வருத்தந்தான்! அவள் வெல்லும் முதல் எதிரி குண்டலகேசி. அவளும் தன்னைக் கொல்ல மலையுச்சிக்கு அழைத்துச் சென்ற கணவனைத் தானே தள்ளிவிட்டுத் துறவியானவள். கணவனால் கொலையுண்டவளும், கொலையிலிருந்து தப்பியவளும் எதிரெதிரே நின்று தருக்கம் பேசும் காட்சி வேறெந்த மொழியில் உண்டு? அ. சக்கரவர்த்தி 1936இல் உரையோடு அச்சேற்றிய அந்நூல், பேய்க்கதையாகக் கேட்ட நீலியை அளவை நூல் கற்ற அறிஞையாகக் காட்டுகிறது. அழுதவள் வாதாடுகிறாள். ஆனால் நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது பழமொழி மட்டுமே, காப்பியம் வரவில்லை. சமயச் சார்புள்ள நூல் என்று நாம் அதை ஒதுக்கினோம். சமயச் சார்புள்ளவர்களோ தம் சமயம் அன்று என்று ஒதுக்கினர்.

பாட்டிகளின் பையில் இதற்கு மாற்று மருந்தும் இருக்கிறது. ஏ. கே. இராமானுசன் 1991இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஒரு தமிழ்க் கதை உண்டு. இரு மகன்களும் இரு மருமகள்களும் ஓயாமல் ஏச, சொல்லியழ ஆளில்லாமல் துன்பத்தை விழுங்கி விழுங்கிப் பருத்துப்போகிறாள் ஒரு கைம்பெண். பருத்ததற்கும் ஏச்சு! ஒருநாள் ஊர்க்கோடியில் கூரையற்ற பாழ்வீட்டுக்குள் போகிறாள். மூத்த மகன் செய்ததை ஒரு சுவரிடம் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது. இப்படியே நான்கு சுவர்களிடமும் நான்கு பேரைப் பற்றிச் சொல்லி, நான்கும் இடிந்து விழ, உடல் இளைத்து, மனம் இலேசாகி வீடு திரும்புகிறாள். சுவர் கேட்குமா, சுவருக்குக் காது உண்டா என்று நம் நண்பர் கேட்பார். சுவருக்குக்கூடக் காது இருக்கிறது, மகனுக்கு இல்லையே என்பதுதான் அம்மா, கதை! பெண்கள் பெண்களுக்குச் சொன்ன கதை இப்படி இருக்கும். நீலி கதையையும் ஒரு கைம்பெண் சொல்லக் கேட்டிருந்தால் அது எங்கே தொடங்கியிருக்கும்?

சிரிப்புக் கதைகளைப் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. பரமார்த்த குருவின் சீடர்கள் தம்மை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று அழும் இடத்தை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். குருபக்தியின் மேல் அதைவிடப் பெரிய கல்லை எந்த மேடையிலும் எறிய முடியாது. அதை எழுதியவர் வீரமாமுனிவர் என்ற பாதிரியார் என்பதும், அது 1822இல் இலண்டனில் அச்சேறியது என்பதும் தனி வேடிக்கை.

கவலை இப்போது வேறு. கதையைச் சொல்லும் வாய் அடைந்துகொண்டு வருகிறது. கரிசல் காட்டுக் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்த கி. ராஜநாராயணன் 2021இல் மறைந்தார். இளம் வயதில் 'அம்புலிமாமா'வுக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அந்த ஏடும் இன்று வருவதில்லை. வீட்டிலே பாட்டி ஒரு மூலையில், கைப்பேசியோடு பேரன் ஒரு மூலையில். கைப்பேசியும் கதைதான் சொல்கிறது. நிறுத்திக் கேள்வி கேட்டால் அது பதில் சொல்வதில்லை.

எனவே நம் வகுப்பில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு கதை; கேட்டபடியே எழுதி வர வேண்டும். இதுவரை 43 சேர்ந்திருக்கின்றன. பேய் வருகிறது, பிசாசு வருகிறது, சாதியும் வருகிறது; எதையும் அடித்து நீக்குவதில்லை. எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு, மற்றப் பிள்ளைகள் தங்கள் கேள்விகளை அதில் எழுதுகிறார்கள். சில கதைகளுக்கு எதிர்ப்பக்கம் போதாமல் தாள் ஒட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் ஊரிலும் படிப்பகத் தோழர்கள் இதைத் தொடங்கலாம். ஒன்றே ஒன்றை மறவாதீர்கள்: கதையின் தலையிலே, சொன்னவர் ஆணா பெண்ணா, என்ன தொழில் செய்தவர், யாரிடம் கேட்டது என்பதை எழுதிவையுங்கள். கேட்டவர் தூங்கிப்போனால் முடிவை நீங்களே கட்டாமல், மறுநாள் போய் மீண்டும் கேளுங்கள்.